சறுக்குப் பலகைகள் கிடந்த தெரு

அன்னம்மாள் தெரு ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சாய்ந்தது. அதுவரைக்கும் அது தாம்பாளம் மாதிரித் தட்டையான தெரு, பிள்ளையார் கோயிலில் தொடங்கி நாற்பத்திரண்டு வீடு கடந்து விமான நிலையத்தின் பின்மதிலில் முட்டி நின்றுபோகிற முட்டுச்சந்து, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நாலு நாள் அங்கேயே நின்று பச்சை கட்டி வற்றுகிற தெரு. அன்றைக்குச் சத்தம் கித்தம் எதுவும் இல்லை, சுவர் விரியவில்லை, ஓடு சரியவில்லை, கோயில் பக்கம் மெதுவாக உயர்ந்தது, மதில் பக்கம் மெதுவாக இறங்கியது, அவ்வளவுதான். அடுப்பில் இருந்த பால் மதில் இருக்கிற தெற்குப் பக்கமாக மட்டும் பொங்கி வழிந்தது, நாலாம் நம்பர் வீட்டுக் கூடத்தில் கொட்டி வைத்திருந்த வெங்காயம் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து வாசல்படி தாண்டித் தெருவில் இறங்கி மதிலைப் பார்த்து உருண்டு போனது, அதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் "சாஞ்சிருச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் தேடப் போனார்கள்.

சாய்ந்ததற்குக் காரணம் என் கடையில் கிடந்தது. அதைச் சொல்லுமுன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்ட வசதியாக இருக்கும். என் பெயர் செங்கமலம். கோயிலை ஒட்டிய புறம்போக்கில் தகரக் கொட்டகை போட்டு விமானத்தில் போகிற சாமான்களுக்குக் கட்டுப் போடுகிறேன். பன்னிரண்டு வயதில் பம்மல் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவள், கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு பழைய தேயிலைப் பெட்டியை உடைத்து ஆணியை நிமிர்த்திப் பலகையாக விற்றவள், அந்தப் பலகையிலேயே பெட்டி செய்யக் கற்றவள், பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எதுவும் இல்லை, அடிதான் எல்லாம் சொல்லிக் கொடுத்தது. துபாய்க்குப் போகிற மாவு கிரைண்டர், கனடாவுக்குப் போகிற ஊறுகாய் ஜாடி, சிங்கப்பூருக்குப் போகிற மூணடி வெண்கல விளக்கு, எதைக் கொடுத்தாலும் கட்டுவேன். பேரத்தில் இதுவரை தோற்றதில்லை. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். அதனால் தெருவில் எல்லோரும் என்னை மரியாதையாகக் கமலக்கா என்பார்கள்.

என் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடத்தில் ஒரு தம்புராவை அவசரத்தில் கட்டி அனுப்பினேன், போய்ச் சேர்ந்தபோது கழுத்து வேறு குடம் வேறாக இருந்தது. அன்றிலிருந்து நீளமான சாமான் எது வந்தாலும், விமானத்தின் வயிற்றில் அது எப்படிப் படுத்திருக்குமோ அப்படியே, பலகை அறுக்கத் தாங்கலாக வைக்கிற இரண்டு மரக்குதிரைகளின் மேல், ஒரு துணியும் மூடாமல், பிறந்த மேனியாகப் படுக்கப் போடுவேன். கிடை போடுவது என்று சொல்வோம். கிடையில் கிடந்தால்தான் எந்த இடத்தில் தொய்கிறது, எந்த இடம் பாரம் தாங்காது என்பதை அது தானாகவே காட்டிக்கொடுக்கும்.

அந்த வியாழக்கிழமை ஜான்சி வந்தாள். நாற்பத்திரண்டாம் நம்பர், மதிலை ஒட்டிய கடைசி வீடு. அவள் அப்பா தனகோட்டி பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர், பதினோரு வருடம் பனிமலை முகாமில் ரொட்டி சுட்டு நெஞ்சில் குளிர் பிடித்து ஊர் திரும்பியவர். அந்த முகாமில் சிப்பாய்கள் விளையாட்டாகக் காலில் பலகை கட்டிச் சரிவில் தள்ளிவிட்ட ஆறு வயசுப் பிள்ளைதான் ஜான்சி. தள்ளிவிட்டவர்கள் அழுவாள் என்று பார்த்தார்கள், அவள் கீழே போய் நின்று இன்னொரு தடவை என்று கேட்டாளாம். இப்போது இருபத்து நாலு வயசு. தோளில் ஆள் உயரத்துக்கு இரண்டு பலகையோடு வந்து நின்றாள்.

"கமலக்கா, இது ரெண்டும் உடையாம போகணும்."

"உடையாம போகணும்னா உடையாத சாமானா வாங்கியிருக்கணும். இன்னாடி இது, படகுத் துடுப்பா?"

"சறுக்குப் பலகைக்கா. கால்ல மாட்டிக்கிட்டு பனிமலையிலேருந்து இறங்கறது."

"மலையிலேருந்து இறங்க ரெண்டு கால் போதாதா?"

"போதும்க்கா. கடைசியா வந்து சேருவோம்."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அங்கேதான். போன வருடம் இதே மாதிரி ஒரு பந்தயத்துக்குப் போனபோது பையோடு தூக்கி எறிந்து ஒரு பலகையின் நுனியை உடைத்துவிட்டார்கள், இரவல் பலகையில் நின்று ஐம்பத்தேழாவதாக வந்தாள். இந்த வருடம் ஐரோப்பாவில் ஒரு மலை ஊரில் பந்தயம். முதல் முப்பதுக்குள் வந்தால் மூன்று வருடம் அங்கேயே தங்கிப் பயிற்சி, வராவிட்டால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள், வயது ஏறிவிட்டது, அப்புறம் கூப்பிட மாட்டார்கள். இதை அவள் புலம்பிச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"கட்டுக்கு ரெண்டு கிலோதான்க்கா. அதுக்கு மேல ஏறினா கவுண்டர்ல நிறுத்திடுவான்."

"ரெண்டு கிலோவுல கத்திரிக்கா கட்டலாம். அஞ்சு."

"ரெண்டு."

"நாலு. ஓரத்துல இரும்பைப் பாரு, பிளேடு மாதிரி இருக்கு. ஒண்ணை ஒண்ணு அறுத்துக்கும். நடுவுல மெத்தை வேணும், நுனிக்குத் தொப்பி வேணும், பூட்ஸைக் கவ்வற கொக்கிக்குத் தனியா பஞ்சு வேணும்."

"ரெண்டேகால். என் ஸ்வெட்டர்ல ஒண்ணைக் குறைச்சுக்கறேன்."

"குளிர்ல செத்துப் போவடி."

"செத்தாலும் கட்டு பத்திரமா திரும்பி வரும்ல, நீங்க கட்டினதாச்சே."

ரெண்டரைக் கிலோவில் படிந்தது. பணத்துக்குப் பேரம் பேசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், எடைக்கு என்னோடு மல்லுக்கட்டியவள் அவள் ஒருத்திதான். பயணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. மதிலோரம் வீடு ஈரம், ஓர இரும்பு துரு ஏறுகிறது, கிளம்புகிற வரைக்கும் உங்கள் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பலகைகளைத் துடைத்து, மரக்குதிரைகள் மேல் கிடை போட்டேன். நுனி இரண்டும் மதிலைப் பார்த்திருந்தன. அப்போதுதான் பத்தேகால்.

சரிவு தேடிப் பிறந்த சாமான். சரிவு இல்லாத இடத்தில் படுக்கப் போட்டால் அது என்ன செய்யும், தானே ஒன்றை உண்டாக்கிக்கொண்டது.

தெரு பழகியதுதான் சேதி. ஒரு வாரத்தில் வீட்டுக்கு நாலு செங்கல் என்பது கணக்காயிற்று, பத்து நாளில் மரக்கடைக்காரன் கதவு நம்பர் வாரியாகச் சாய்வுக் கட்டை அறுத்து விற்றான், தோசை ஒரு பக்கம் பேப்பராகவும் மறுபக்கம் அடையாகவும் வந்தது, முறுகல் கேட்பவருக்கு வடக்குத் துண்டும் மெத்தென்று கேட்பவருக்குத் தெற்குத் துண்டும் பிய்த்துப் போட்டார்கள், பால்காரர் மிதிக்காமல் இறங்கிப் போய் மதிலோரமாக ஆள் மட்டும் நுழைகிற மேட்டுச் சந்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு வழியாக வீடு போய்ச் சேர்ந்தார், பந்து விளையாடுகிறவர்கள் மேலேயிருந்து மட்டுமே வீசினார்கள், கைத்தடி வைத்திருந்த கிழவர்கள் ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாக இரண்டு தடி வைத்துக்கொண்டார்கள். அளவெடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், 'இயற்கையான சரிவு' என்று எழுதிக்கொண்டு, இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். முட்டி மடக்கி, கையை இரண்டு பக்கமும் லேசாக விரித்து, சரிவோடு சரிவாக நடந்தவள் ஜான்சி ஒருத்திதான். பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி ஏறி இறங்கினாள்.

அப்புறம் சாமான்கள். மேலே கைதவறியது எல்லாம் கீழே போனது, தேங்காய், டம்ளர், காலி சிலிண்டர், குழந்தையின் நடைவண்டி. முதல் வாரம் கீழ்க்கோடிக்காரர்கள் பொறுக்கி எடுத்துத் துடைத்து மேலே கொண்டுவந்து கொடுத்தார்கள், மேலே இருந்தவர்கள் "அடடா, உங்களுக்குச் சிரமம்" என்று காபி கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் அவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வாரம், "நேத்து உருண்ட தேங்காய் இன்னும் வரலியே, என்ன பண்ணினே?" என்று கேட்டார்கள். தண்ணீரும் அப்படித்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், இருபது வீட்டு அழுக்கும் இறங்கிப் போய் மதிலில் முட்டித் திரும்பி நாற்பதாம் நம்பர், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு வாசலேறி உள்ளே போனது. முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு வெட்கப்படவில்லை. பிறகு, கீழ்க்கோடிப் பக்கம் போனால் நாற்றம் தாங்கவில்லை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில், இருபதாம் நம்பருக்குக் கீழே பெண் கொடுப்பதில்லை என்று ஒரு வழக்கம், என்னவோ பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற மாதிரி, எல்லோர் வாயிலும் வந்துவிட்டது.

பலகைதான் காரணம் என்று தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டுக்கு அளவெடுக்கலாம் என்று பலகைகளை எடுத்து ஒரு போர்வையில் சுற்றினேன். தெரு சட்டென்று மட்டமானது. செங்கல் மேல் நின்ற கட்டில்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஆட்களை உருட்டிவிட்டன, சரிந்து நடந்து பழகியவர்கள் சமதரையில் தடுக்கி விழுந்தார்கள், கீழ்க்கோடியில் மட்டும் துடைப்பம் எடுத்துத் தண்ணீர் தள்ளுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டது. என்னடா இது என்று போர்வையைப் பிரித்தேன். தெரு மறுபடி சாய்ந்தது. மேலே கை தட்டினார்கள். சாயங்காலத்துக்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

பயணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மாசிலாமணி வந்தார். தெரு நலச் சங்கத் தலைவர், இரண்டாம் நம்பர் வீடு, குடிநீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தண்ணீர் எங்கே போக விரும்பும் என்பது அவருக்குத் தெரியும். கூடவே மேல்வீட்டு ஆட்கள் ஐந்தாறு பேர்.

"செங்கமலம்மா, இந்தக் கட்டையை அனுப்பித்தான் ஆகணுமா?"

"என் கட்டையா சார் அது? அவ கட்டை."

"போகட்டும், அந்தப் பொண்ணு போயி நல்லா ஜெயிச்சுட்டு வரட்டும், வேணாம்னு யார் சொன்னது? கட்டும் போகட்டும். கட்டுக்குள்ள அந்தக் கட்டைதான் இருக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?"

என் கையில் டேப் ஒட்டுகிற இரும்புக் கருவி இருந்தது. அது அவர் காதை உரசிக்கொண்டு போய்த் தகரத்தில் பட்டது. அவர் அசையவில்லை. குனிந்து எடுத்துக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்.

"நாப்பது வருஷமா மழைத் தண்ணி என் வாசல்ல நின்னுச்சும்மா. இப்பத்தான் அதுக்குப் போக ஒரு இடம் தெரிஞ்சிருக்கு."

"அது போற இடத்துல ஆளுங்க இருக்காங்க சார்."

"எங்கேயும் ஆளுங்க இருக்கத்தாம்மா செய்வாங்க." அப்புறம், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் கொட்டகையைப் புறம்போக்கிலிருந்து அகற்ற வேண்டும் என்று சங்கம் மூன்று வருடமாகக் கொடுத்துவரும் மனு. "இதை நாங்க வாபஸ் வாங்கிக்கறோம். ஆட்சேபம் இல்லன்னு எழுதியும் தர்றோம். நாப்பத்திரண்டு வீட்டுல இருபது வீடு கையெழுத்துப் போடும். மேலே இருக்கற இருபது."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே காரியம். பேரம் பேசினேன்.

"வெறும் காகிதம் போதாது."

"சொல்லுங்க."

"கொட்டகைக்குக் கீழ சிமென்ட் தளம் போட்டுத் தரணும். தனி மீட்டர். தெரு முனையில என் கடைப் பேர் போட்ட பலகை."

"பலகை வேணாம்மா, கோயில் மறைக்கும்."

"பலகை இல்லன்னா பேச்சு இல்ல."

"சரி, சின்னதா."

"ஆறடி."

ஆறடி கொடுத்தார்கள். கேட்டது ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், இன்னும் ரெண்டு கேட்டிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படிப்பட்ட சென்மம் நான்.

ரப்பர் மரத்தில் இரண்டு பலகை அறுத்து இழைத்தேன். நீளம், அகலம், எடை, ஒரு கிராம் பிசகவில்லை. வயிறோடு வயிறு சேர்த்து, நடுவில் மெல்லிய பஞ்சு மெத்தை, இரண்டு இடத்தில் வார், நுனிகளுக்குச் சைக்கிள் டியூபில் தைத்த தொப்பி, நாலு மூலைக்கும் நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய், மேலே அட்டை, அட்டைக்கு மேல் பாலித்தீன் சுற்று. 'கண்ணாடி, மெதுவாகத் தூக்கவும்' என்று ஒட்டுகிற காகிதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, சுமக்கிறவன் அதைப் படித்துக்கொண்டு நிற்க மாட்டான். அவன் கை தானாக எங்கே போகுமோ அங்கே பிடி வைக்க வேண்டும், பிடித்தால் கட்டு சமமாகத் தூக்கி நிற்க வேண்டும், அப்போது எறிய மனசு வராது. அப்படி நட்டநடுவில் ஒரு பிடி வைத்தேன். என் ஆயுசில் கட்டிய கட்டுகளில் அதுதான் உயர்ந்த கட்டு. அந்தப் பொய்யைக் கட்டின அளவு பத்திரமாக நான் எதையும் கட்டினதில்லை.

கிளம்புகிற நாள் காலையில் நிஜப் பலகைகளைப் போர்வையில் சுற்றிக் கொட்டகையின் பரணில் வைத்தேன். தெரு மட்டமானது. ஜான்சி தட்டைத் தரையில் நடந்து வந்தாள், முதுகில் பூட்ஸ் பை, அதை மட்டும் கையோடு கொண்டுபோவாள், அவள் காலுக்கென்றே வார்த்த பூட்ஸ் அது. பின்னால் தனகோட்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கட்டை எடை போட்டோம். பலகைகளின் எடை போகக் கட்டு மட்டும் ரெண்டரைக் கிலோ, முள் ஒரு நூல் மிஞ்சவில்லை.

"என்னக்கா, அம்பது கிராம்கூட ஏமாத்தலையே!" என்று சிரித்தாள்.

"திறந்து பாக்கறதுன்னா பாத்துக்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பார்க்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"திறந்தா திரும்ப இப்படிக் கட்ட உங்களாலயே முடியாது" என்று கட்டைத் தூக்கிக்கொண்டாள். மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்று கையசைத்தார்கள். மாசிலாமணி அவள் நெற்றியில் திருநீறு பூசினார். கார் போனது.

மத்தியானம் பரணிலிருந்து பலகைகளை இறக்கிக் கிடை போட்டேன். தெரு சாய்ந்தது. கால்மணி நேரம் கழித்துத் தனகோட்டி மேலே ஏறி வந்தார். ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பிடித்துப் பிடித்து நின்று, நாற்பத்திரண்டு வீடு. கடை வாசலுக்கு வந்து தகரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, தெரு சாஞ்சிருச்சு."

"ஆமாண்ணே."

"அப்ப அவ எதைத் தூக்கிட்டுப் போறா?"

நான் டேப் சுருளைத் தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன். ஊரையே வாயால் விரட்டினவள். அவர் மரக்குதிரைகள் மேல் கிடந்த பலகைகளைப் பார்த்தார், வாசலில் ஈரமாகப் பளபளத்த புதுச் சிமென்ட் தளத்தைப் பார்த்தார், திட்டவில்லை.

"பந்தயத்துக்கு அஞ்சு நாள் இருக்கு. நாளைக்கு விமானத்துல போட்டா போய்ச் சேர்ந்துடும். நான் அவகிட்டச் சொல்லலை, சொன்னா பதறிடுவா. கோச்சு முன்னாலதான் பிரிக்கணுமாம், பந்தயத்துக்கு மொத நாள். அதுக்குள்ள போயிடும்ல? நீ போட்டுடுவேல்ல, தங்கச்சி?"

"போட்டுடறேண்ணே."

அவர் நம்பினார். நம்பி இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் போட்டுவிடத்தான் எடுத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். பாதி சுற்றியபோது தெரு பாதி நிமிர்ந்தது. மேல்வீடுகளின் கதவுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்தன. ஒருவரும் கத்தவில்லை. வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தார்கள். மாசிலாமணி என் புதுத் தளத்தைச் செருப்புக் காலால் மெதுவாகத் தட்டி, "காஞ்சிருச்சா பாருங்கம்மா, அவசரப்பட்டு மிதிச்சா விரிசல் விழுந்துடும்" என்றார். நான் சுற்றியதைப் பிரித்தேன். அதன் பிறகு நாலு நாள் தனகோட்டி கீழேயிருந்து தெரு நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்து ஜான்சி திரும்பி வந்தாள். கார் கோயிலோடு நின்றுவிட்டது, சாய்ந்த தெருவில் இறக்க டிரைவருக்குப் பயம். இடது முட்டியில் கட்டு, கக்கத்தில் ஊன்றுகட்டை. டிரைவர் அந்த நீளக் கட்டை இறக்கி என் கடை வாசலில் சாத்தினான். இந்த மூன்று வாரமும் நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், அவள் இதைச் சொன்னால் அதைச் சொல்லலாம், உன் பந்தயத்துக்காக என் பிழைப்பை விடணுமா என்று கேட்கலாம், புறம்போக்கில் இருந்து பார்த்தால் தெரியும் என்று கத்தலாம், எல்லாம் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

"கமலக்கா" என்றாள். "எங்க விமானத்துல மட்டும் பன்னெண்டு பேரோட பலகை வந்துச்சு. ரெண்டு பேருக்கு நுனி உடைஞ்சிருந்துச்சு, ஒருத்திக்குக் கொக்கி வளைஞ்சு போச்சு. நம்ம கட்டு ஒண்ணுதான் ஒரு கீறல்கூட இல்லாம வந்துச்சு. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. யார் கட்டினதுன்னு கேட்டாங்க. எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்கன்னு சொன்னேன். போட்டோகூட எடுத்தாங்க. அப்புறந்தான் பிரிச்சேன்."

நான் வாசலில் சாத்தியிருந்த கட்டின் பிடியைச் சரிசெய்தேன்.

"இரவல் பலகை கொடுத்தாங்க. சரிவுல திரும்பறதுக்குக் கொடி நட்டிருப்பாங்க, மூணாவது கொடியில கால் திரும்பல."

"ஜான்சி, பலகை பத்திரமா இருக்குடி. ஒரு துரு இல்ல. இப்பவே தரேன். மெழுகு போட்டுத் தரேன். நானே கட்டி, நானே ஏர்போர்ட்டுக்குத் தூக்கிட்டு வரேன். அடுத்த வருஷம் போ. எத்தனை கிலோ வேணும்னாலும் சொல்லு, ரெண்டுலயே கட்டறேன், ஒண்ணரையில கட்டறேன்..."

"முட்டிக்குள்ள ஆணி வெச்சிருக்காங்கக்கா."

"அதுக்கு? ஆணி வெச்சா நடக்க மாட்டியா? நான் எத்தனை ஆணி பாத்திருக்கேன்! ஒண்ணேகால். ஒரு கிலோடி, ஒரே கிலோ."

அவள் பதிலுக்கு ஒரு எண் சொல்லவில்லை. சொல்வாள் என்று வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஊன்றுகட்டையைத் தெருவில் வைத்துப் பார்த்தாள், அது வழுக்கியது, இன்னொரு தடவை வைத்தாள், வழுக்கியது. பிறகு தெருவிலேயே உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி, உட்கார்ந்த வாக்கில் இறங்க ஆரம்பித்தாள். இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர். இந்தத் தெருவில் சரிவில் நிற்கத் தெரிந்த ஒரே ஒருத்தி. மேல்வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று, "பாத்துப் போம்மா", "அந்தப் பக்கம் பாசி இருக்கு, இந்தப் பக்கமா வா" என்று அக்கறையாகச் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. உள்ளே ஓடி, மரக்குதிரைகளை எட்டி உதைத்துப் பலகைகளை எடுத்துப் போர்வையில் சுற்றினேன். அவள் எழுந்து நடக்கட்டும், அது போதும், அதற்குள் தெரு நிமிர்ந்துவிட வேண்டும். போர்வைக்கு மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் பாலித்தீன். வாசலுக்கு வந்து பார்த்தேன். தெரு சாய்ந்தே இருந்தது. பிரித்துவிட்டு இறுக்கிச் சுற்றினேன். சாய்ந்தே இருந்தது. இரண்டு சுருள் பாலித்தீன் தீர்ந்தது, மூன்றாவதைப் பல்லால் கடித்துத் திறந்தேன், பலகையா பூதமா என்று தெரியாத அளவுக்கு அது உருண்டு திரண்டு கிடந்தது, எடையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள், தெரு ஒரு நூல்கூட நிமிரவில்லை.

மாசிலாமணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா வீணா? பத்து நாளாவே அதுக்குக் கட்டை தேவைப்படலை. போன வாரம் நீங்க கடையில இல்லாதப்ப நான் மூடிப் பாத்தேன்" என்றார். "தெருவுக்குப் பழகிடுச்சு."

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஜான்சி இருபதாம் நம்பரைத் தாண்டியிருந்தாள்.